தண்ணீர் வரும் நாளில் சீறிய சுவர்

என் வயதுக்காரிகளே, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து நாகல் நகர்த் தெருக்களில் வளர்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். திருகினால் தண்ணீர் கொட்டும் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை எத்தனை பக்கம் எழுதினாலும் ஏறாது. உங்களுக்கு ஒரு வரியில் பிடிபட்டுவிடும். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று வரும், ஞாபகம் இருக்கிறதா? அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடுவோமே, அந்தச் சத்தம். என் கதை அதில்தான் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் தோற்றவள் நான். இன்று என்னிடம் நான்கு தண்ணீர் லாரிகள் ஓடுகின்றன. ரெட்டியார்சத்திரம் பக்கம் சொந்தக் கிணறு இரண்டு. ஆண்களே திணறுகிற தொழில் இது. டயரைக் கட்டையால் தட்டிப் பார்த்தே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவேன், டிரைவர்கள் வாயைப் பிளப்பார்கள். கல்யாண மண்டபத்துக்காரர்கள் முகூர்த்தம் குறித்ததும் சமையல்காரருக்கு முன்னால் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். யாரும் கை கொடுத்து நான் மேலே வரவில்லை. பேரன் பிறந்த பிறகும் டீசல் வாளியை நானே தூக்குகிறேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவள் பெருமைப்பட்டால் என்ன தப்பு.

தொழிலில் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். "லாரி கிளம்பிருச்சு, பாலத்துக்கிட்ட வந்துருச்சு" என்பேன், லாரி அப்போதுதான் கிணற்றடியில் நிற்கும். அவை எதுவும் நெஞ்சில் தங்கவில்லை. பதின்மூன்று வயதில் ஒரு பொய் சொன்னேன். அது மட்டும் இன்னும் இறங்கவில்லை. யாரிடம் சொன்னேனோ அவள் இப்போது இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடும் அத்தை வீடும் ஒட்டி நின்றன. நடுவில் ஒரே சுவர். கல்லையும் மண்ணையும் வைத்து எழுப்பி, மேலே சுண்ணாம்பு அடித்த பொதுச் சுவர். இரண்டு வீட்டு ஓட்டுக் கூரையும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தன. அத்தை எனக்குச் சொந்த அத்தை இல்லை. அவர்கள் வேதக்காரர்கள், மாதா படம் வைத்துக் கும்பிடுகிறவர்கள். அம்மா அவளை மதினி என்பாள், அதனால் எனக்கு அத்தை. அவள் வீட்டுக்காரர் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரே மகன், ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். அத்தை ஜாக்கெட் தைத்து அவனைப் படிக்க வைத்தாள். அந்த வீட்டில் உலை கொதிப்பது அவளுடைய வலது கையை நம்பித்தான்.

அடுப்படிப் பக்கம் சுவரில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை இருந்தது. யார் எப்போது எடுத்தது என்று தெரியாது. கிண்ணம் போகும், தலை போகாது. அம்மா அதன் வழியாகத்தான் கூப்பிடுவாள்.

"மதினி, கத்திரிக்கா வெஞ்சனம் வச்சிருக்கேன், கையை நீட்டுங்க."

"இருங்க மதினி, விரல்ல ஊசி குத்திக்கிட்டு நிக்கிறேன்."

"ஊசி உங்களுக்குப் பழசு, வெஞ்சனம் சூடா இருக்கு. மொதல்ல இதை வாங்குங்க."

கிண்ணம் திரும்பி வரும்போது வெறுமையாக வராது. ஒரு நாள் நாலு முறுக்கு, ஒரு நாள் வெட்டி மிஞ்சிய பூத்துணி, அதில் என் பொம்மைக்குச் சட்டை. அத்தையின் தையல் மிஷின் அந்தப் பொதுச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. காரணம், அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. காலை ஒன்பதுக்கு அதன் வழியாக வெயில் இறங்கி மிஷின் தலையில் விழும். மத்தியானம் வரை விளக்கு வேண்டாம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போடுகிற வேலையை எல்லாம் அத்தை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருப்பாள். மிஷின் ஓடுவது சுவர் வழியாக எங்களுக்குக் கேட்கும். அது கேட்டுக்கொண்டிருந்தால் அம்மாவுக்கு வீட்டில் ஆள் இருப்பது மாதிரி.

தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தது. பெரும்பாலும் மத்தியானத்தில். வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுக்க ஆரம்பித்தபோது அப்பாவும் எழுதிக் கொடுத்தார். நம் ஊர்க் குழாய் சுவரில் இருக்காது, குழிக்குள் இருக்கும், உங்களுக்குத் தெரியும். தண்ணீருக்கு வேகம் கிடையாது. யார் வீட்டுக் குழாய் பள்ளத்தில் இருக்கிறதோ அவர்களுக்கு ரெண்டு குடம் கூட வரும். அதனால் எல்லாரும் குழி தோண்டினோம். ஒருவர் ரெண்டு அடி, அடுத்தவர் மூன்று அடி. வீட்டை மேலே உயர்த்திக் கட்டுவதில் போட்டி போடுகிற ஊர்கள் உண்டு. நாம் கீழே தோண்டுவதில் போட்டி போட்டோம்.

குழாய் பதிக்க ஒருவர் வந்தார். காதில் பென்சில், தோளில் ரென்ச்சு, வாய் நிறையப் பேச்சு. இன்றைக்கும் அவரை 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். தொழில்காரருக்குத் தொழில்காரி கொடுக்கிற மரியாதை அது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிற அப்பாவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போனது. வாங்கிய மோரை மிச்சம் வைக்காமல் குடித்தாராம். அப்படிப்பட்ட ஆள் வேலையையும் மிச்சம் வைக்கமாட்டான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். ஆளைச் சாப்பாட்டில் எடை போட்டவர் என் அப்பா.

"எங்கிட்டு அப்பு குழாயைக் கொண்டுபோகப் போற?" என்று அப்பா கேட்டார்.

"தரையை ஒடச்சா திரும்பச் சிமெண்டு பூசணும்ணே. இந்தச் சுவத்தோட அடியைக் குடைஞ்சு குழாயை உள்ள படுக்க வச்சிர்றேன். காலுல தட்டாது, கண்ணுக்கும் தெரியாது. பின்னாடி சுவத்த ஒட்டிக் குழி எடுத்து அதுல முடிச்சிருவோம்."

"குழி நாலடி போடு. எதுத்த வீட்டுக்காரன் மூணு போட்டிருக்கான்."

"நீங்க சொன்னா அஞ்சு போடுவேன்ணே."

அத்தை கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். "அண்ணே, அது பொதுச் சுவரு. அதோட காலைப் பறிக்கிறீங்க, பாத்துக்கங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

குழாய்க்காரர் நிமிர்ந்தார். "யக்கா, ஜாக்கெட்டுக்கு நீங்க அளவு எடுங்க. குழாய்க்கு நான் எடுக்குறேன்."

எல்லாரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தாள். அப்பா ரொம்ப நேரம் சிரித்தார்.

குழாய் சுவருக்குள் திரும்புகிற இடத்தில் ஒரு முழங்கை மாதிரி வளைவு வைத்தார். அதைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது அம்மா என்னை அனுப்பினாள். மீன் குழம்பு ஆறுகிறது, சாப்பிட வரச் சொல் என்று. அவர் எழுந்து போய்ச் சாப்பிட்டார். நன்றாகச் சாப்பிட்டார். வந்ததும் கதை பேசிக்கொண்டே மண்ணை அப்பி, சிமெண்டுப் பாலைத் தடவிவிட்டுப் போய்விட்டார். குழியோரத்தில் ஒரு கொத்துச் சணல் கிடந்தது, தங்க நிறத்தில். மிச்சம் என்று நினைத்து நான் எடுத்து என் பொம்மைக்கு முடி வைத்தேன். மரைக்கு மேல் சணலைச் சுற்றி, பெயிண்ட் தடவி, ரென்ச்சால் இறுக்கினால்தான் தண்ணீர் கசியாது என்பது எனக்கு லாரி வாங்கிய பிறகு தெரிந்தது. அந்தச் சணல் மிச்சமில்லை. அது அந்த வளைவில் இருந்திருக்க வேண்டிய சணல்.

முதல் தண்ணீர் நாளில் அப்பா குழிக்கு மாலை போட்டார். எதிர் வீட்டை விட மூன்று குடம் கூட வந்தது. அப்பா தெருவில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எண்ணிச் சொன்னார்.

ஆனி மாதம் வாக்கில் சுவரின் அடியில் கரையான் கோடு ஓடியது. அம்மா துடைத்தாள். மறுபடி ஓடியது. பிறகு குழியோரத்து மூலையில் மண் பொங்கியது. முதலில் உள்ளங்கை அளவு, பிறகு சாண் உயரம். ஆடி பிறந்தபோது அது என் முழங்காலைத் தொட்டது. சிவந்த மண், பக்கத்தில் போனால் மழை பெய்த வாசனை. ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அதன் முன்னால் நின்று, மெதுவாக மஞ்சளைக் கரைத்துத் தெளித்தாள். வீட்டுக்குள் புற்று வந்தால் நம் பக்கம் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆத்தா வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இன்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நான் சிரிக்கமாட்டேன். அம்மாவுக்கு எனக்கு முன்னால் ரெண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூட்டை தூக்குகிறவன் பெண்டாட்டி என்று தெருக் குழாயில் அவளைக் கடைசியாகத்தான் குடம் வைக்க விடுவார்கள். அப்படிப்பட்டவளின் வீட்டுக்கு அந்தப் பெண்களே வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, பால் செம்போடும் முட்டையோடும் வந்து நின்றார்கள். "உள்ள வரலாமா?" என்று கேட்டார்கள். அம்மாவின் முதுகு நிமிர்ந்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சத்தத்தை முதலில் கேட்டது நான். ஒரு தண்ணீர் நாளில் காற்று வருகிற நேரம், புற்றுக்கு மேலே சுவரில் காதை வைத்தேன். உள்ளே 'ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாகம் சீறுதுடி. ஆத்தாவுக்குக் காவல்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு வேலை வந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும், "பாப்பா, காதை வச்சுக் கேட்டுச் சொல்லு" என்பார்கள். நான் சுவரில் காதை ஒட்டி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அவர்களைக் காக்க வைப்பேன். தண்ணீர் நாளாக இருந்தால், "சீறுது" என்பேன். இல்லாத நாளில் ஒன்றும் கேட்காது. அப்போது, "தூங்குது" என்பேன். அதற்கும் கும்பிட்டார்கள். கணக்கு வாத்தியார் வகுப்பில் என்னை எழுப்பி நிற்க வைத்து, இவள் தலைக்குள் களிமண் என்பார். அவருடைய வீட்டம்மாவே வந்து என்னிடம் கேட்டுப் போனாள். வாழ்க்கையில் என் வாயைப் பார்த்து நாலு பேர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அந்த ருசி பொல்லாதது.

அத்தை பக்கம் வேறு மாதிரி இருந்தது. அவள் சுவரில் ஈரம் ஏறியது. முதலில் தரையோரம், பிறகு முழங்கால் உயரம். சுண்ணாம்பு உப்பி உதிர்ந்தது. வெட்டி வைத்த துணியில் பூஞ்சை வாடை. செங்கல் ஓட்டை வழியாக ஒரு நாள் சொன்னாள்.

"மதினி, உங்க சாமிய நான் ஒண்ணும் சொல்லல. சுவத்தத்தேன் சொல்றேன். தண்ணி விடுற அன்னிக்கு இங்கிட்டு ஊறுது."

"பால் ஊத்துறாங்கள்ல, அது கொஞ்சம் கசியும் மதினி."

"பால்னா எறும்பு வரும். இது பச்சத் தண்ணி."

அம்மா கிண்ணத்தை நீட்டினாள். அத்தை வாங்கிக்கொண்டாள். ஆனால் அதோடு நிற்காமல் சிரித்துக்கொண்டே கேட்டாள், "அதென்ன மதினி, உங்க நாகத்துக்கும் முனிசிபாலிட்டிக்கும் பேச்சுவார்த்தையா? குழாய் தொறக்குற அன்னிக்குப் பாத்துச் சீறுதாமே."

அம்மா அன்று சாப்பிடவில்லை. வேதக்காரிக்கு எப்படிப் புரியும் என்று அப்பாவிடம் சொல்லி அழுதாள். அப்பா அத்தையின் பக்கமும் பேசமுடியாமல், ஆத்தாவின் பக்கமும் பேசமுடியாமல் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அத்தையே தேடிப்போய்க் குழாய்க்காரரைக் கூட்டிவந்தாள். அவர் பின்கட்டு வரை வந்தார். புற்றையும், மஞ்சளையும், குங்குமத்தையும், உடைந்த முட்டை ஓடுகளையும் பார்த்தார். பிறகு சுவரின் அந்த வளைவு இருந்த இடத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"ஆத்தா ஒக்காந்த எடம். இதுல கடப்பாறையப் போடச் சொல்றீங்களே யக்கா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"ஆத்தாவ யாரு தம்பி ஒதுங்கச் சொன்னது? என் பக்கமிருந்து கொத்திப் பாரு."

"சுவரு ஒண்ணுதானக்கா. அங்கிட்டுத் தொட்டாலும் இங்கிட்டுத் தொட்ட மாதிரிதேன்."

"அப்ப உன் குழாயில கசிவு இல்லன்னு சொல்லு. உன் வாயால சொல்லு."

"நான் போட்ட ஜாயிண்டு நூறு வருசம் நிக்கும். இது பூமிக்குள்ள இருந்து வர்ற ஊத்து. ஆத்தா கொண்டாந்த ஊத்து" என்றார். அம்மா அவருக்கு ஒரு தேங்காய் மூடியும் பழமும் கொடுத்து அனுப்பினாள். அவர் வேகமாகப் போனார். பக்தியில் போகிறார் என்று நினைத்தோம்.

சுவர் விழுந்துவிடுமோ என்று அத்தை பயந்துபோய் ஆவணியில் மிஷினை முன்னறைக்கு மாற்றினாள். அங்கே ஜன்னல் கிடையாது. ஒரு குண்டு பல்பு, அதுவும் மின்சாரம் இருந்தால். தீபாவளி நெருங்கியது. எங்கள் தெருப் பெண்கள் எல்லாருடைய ஜாக்கெட்டும் அவள் வீட்டில் மூட்டையாகக் கிடந்தது. தைத்து முடித்தால்தான் மகனுக்கு ஹாஸ்டலில் அடுத்த ஆறு மாதம். இருட்டில் தைத்துத் தைத்து அவள் கண் இரத்தமாகச் சிவந்திருந்தது. பச்சை ஜாக்கெட்டில் நீல நூலை ஓட்டி, முழுக்கப் பிரித்துத் திரும்பத் தைத்ததை நான் பார்த்தேன்.

ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். பட்டன் டப்பாவைத் திறந்து, பிடித்ததை எடுத்துக்கொள் என்றாள். நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்.

"பாப்பா, அத்தைகிட்ட ஒண்ணு சொல்லுவியா?"

"சொல்லுங்க அத்தை."

"ஊருல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அந்தச் சத்தம் தெனமும் கேக்குதா, தண்ணி வர்ற அன்னிக்கு மட்டும் கேக்குதா? நல்லா யோசிச்சுச் சொல்லு. தண்ணி அன்னிக்கு மட்டும்னா அது குழாய். நாளைக்கே கொத்தனாரக் கூட்டியாந்து என் பக்கமிருந்து ஒடச்சுப் பாத்துருவேன். யாரு என்ன சொன்னாலும் சரி. தெனமும் கேக்குதுன்னா அது வேற என்னமோ, நான் தலையிடல."

எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. மூன்று மாதமாகச் சுவரில் காது வைத்துத் தூங்குது, சீறுது என்று சொன்னவள் நான். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அம்மாவின் முதுகு மறுபடி வளையும். வெள்ளிக்கிழமை யாரும் வரமாட்டார்கள். "பாப்பா, கேட்டுச் சொல்லு" என்று யாரும் நிற்கமாட்டார்கள்.

"தெனமும் கேக்குது அத்தை" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். நானாகத்தான் சேர்த்தேன், "நேத்துக்கூடக் கேட்டுச்சு."

நேற்று தண்ணீர் நாள் இல்லை.

அத்தை பெருமூச்சு விட்டாள். அதில் ஒரு நிம்மதி இருந்ததுதான் எனக்கு இப்போதும் தாங்கவில்லை. "அப்பச் சரி. நீ சொன்னா அது சரியாத்தேன் இருக்கும். ஈரம் மழையால இருக்கும்போல, நாந்தேன் கண்டதையும் நெனச்சுக்கிட்டு இருட்டுல கெடக்குறேன்" என்று எழுந்தாள். "செத்த நேரம் இந்தப் பக்கத்தைப் பிடி, மிஷினை அதோட எடத்துக்கே கொண்டுபோயிருவோம். நாளைக்குக் காலையில வெயில்ல ஒக்காந்து தச்சாப் போதும், நாலு நாள்ல முடிச்சிருவேன்."

மிஷினின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்தேன். கனமாக இருந்தது. கண்ணாடி ஓட்டுக்குக் கீழே, ஈரச் சுவரை ஒட்டி, நானும் அவளும்தான் வைத்தோம்.

ஐந்தாம் நாள் விடியலிலிருந்தே மழை. பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். வழக்கமாக மத்தியானம் வருகிற தண்ணீர் அன்று காலை பத்து மணிக்கே வந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள், நான் குழிக்குள் இறங்கிக் குடம் வைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கும் மீறி அது கேட்டது. திடீரென்று குழியின் ஓரத்து மண் என் காலில் சரிந்தது. நான் பயந்து மேலே ஏறினேன். புற்று அப்படியே குழிக்குள் உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே சுவரின் அடி எங்கள் பக்கம் நழுவியது, தலை அத்தையின் பக்கம் சாய்ந்தது. இடி மாதிரி இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. ஈரச் சாக்கு மூட்டையைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு ஓடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. அதுவும் நின்ற பிறகு மழைச் சத்தம் மட்டும் இருந்தது. மிஷின் ஓடவில்லை.

"மதினி" என்று அம்மா கூப்பிட்டாள். செங்கல் ஓட்டை இருந்த இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். அங்கே ஓட்டையும் இல்லை, சுவரும் இல்லை, வெளிச்சமாக இருந்தது.

தெரு ஆட்கள் கல்லைப் புரட்டி அத்தையை எடுத்தார்கள். மிஷினின் இரும்புத் தலைதான் பெரிய கல்லைத் தாங்கி அவள் நெஞ்சைக் காப்பாற்றியது. ஆனால் வலது கை மிஷினுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்தது. கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் அழவில்லை. கையைப் பார்க்கவும் இல்லை. சேறு அப்பிய ஜாக்கெட் துணிகளைக் காட்டி, "அதெல்லாம் ஊரு துணி, மழையில நனையாம எடுத்து வைங்க" என்றாள்.

இடிந்த இடத்தில் குழாய் வெளியே தெரிந்தது. அந்த முழங்கை வளைவிலிருந்து விசிறி மாதிரி தண்ணீர் பீறிட்டது. 'ஸ்ஸ்' என்று சத்தம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்த பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் கும்பிடவில்லை. என்னையும் யாரும் பார்க்கவில்லை. யாராவது பார்த்திருக்கக் கூடாதா.

குழாய்க்காரரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவர் சணலைச் சுற்றி ரென்ச்சால் ரெண்டு திருகு திருகினார். தண்ணீர் நின்றுவிட்டது. ரெண்டே திருகு. "எவனோ லூசாக்கி விட்டிருக்கான்" என்று முனகினார். அப்பா அவரை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பா குழியைப் பார்த்தார். நாலடி. அதைக் கேட்டு வாங்கியவர் அவர்தானே. இடிபாட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார், மூட்டை தூக்குகிற அந்த உடம்பு ஒரு சின்னப் பையனுடையது மாதிரி சுருங்கிப்போனது. வேதக்காரி சந்தேகப்பட்டதால் ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று தெருமுனையில் யாரோ பேசினார்கள். அம்மா அதைக் கேட்டாள். ஒரு சட்டியை எடுத்துக் குழிக்குள் இறங்கி, மஞ்சளும் குங்குமமும் கலந்த சேற்றைக் கையாலேயே அள்ளி அள்ளி வெளியே கொட்டினாள். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை, சாகிற வரைக்கும்.

ஆஸ்பத்திரிக்கு அம்மா தினமும் கஞ்சி கொண்டுபோனாள். மூன்றாம் நாள் என்னையும் கூட்டிப்போனாள். அத்தையின் கை பெரிய துணிப் பொட்டலமாக இருந்தது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும், "நீ அந்நேரம் சுவத்துக்கிட்ட நிக்கலையே பாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். "நல்ல வேளை. அதுதேன் எனக்கு நெனப்பா இருந்துச்சு" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டில் கிழவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், அந்த வாசனை மட்டும் மூக்கில் இருக்கிறது. நான் சொல்லவில்லை.

அத்தை வீட்டை விற்றுவிட்டுக் கன்னிவாடியில் அவள் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். நசுங்கிய மிஷினைப் பழைய இரும்புக்காரன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். அப்பா எங்கள் பக்கத்துக்குச் சிமெண்டுச் சுவர் எழுப்பினார். அதில் ஓட்டை எதுவும் வைக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அம்மா அவர்களை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

நான் அடுத்த வருஷம் பரீட்சையில் தோற்றேன், கல்யாணம் ஆனேன், வீட்டுக்காரரின் ஒரு பழைய லாரியை நாலாக்கினேன். அந்தப் பெருமையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். முதல் லாரி ஓடிய காலம், இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் இருக்கும். கன்னிவாடியில் புதுமனை புகும் வீட்டுக்கு ஒரு டேங்க் தண்ணீர் கேட்டார்கள். டிரைவர் லீவு. வீட்டுக்காரர் ஓட்ட, நான் கூடப் போனேன். வாசலில் ஓஸ் பைப்பைத் தூக்கித் தொட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், நாற்காலியில் அத்தை. தலை முழுக்க வெளுத்திருந்தது. வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"மூட்டை தூக்குற அண்ணன் மகதானத்தா நீ?" என்றாள். பதினைந்து வருஷத்துக்குப் பக்கம் ஆகியிருந்தது. என் நடையிலேயே கண்டுபிடித்துவிட்டாளாம்.

அந்தப் புது வீட்டைக் கட்டிய மகன் வந்தான், பள்ளிக்கூடத்தில் கிளார்க் ஆகியிருந்தான். மருமகள் வந்தாள். அத்தை என் தோளைத் தொட்டு மருமகளிடம் சொன்னாள். "இவளப் பாத்துக்க. பொம்பளப் புள்ள லாரி வச்சு நடத்துறா. எனக்கு ஆச்சரியமே இல்ல. சின்னதுலயே அப்படி. அந்தத் தெருவுல அம்புட்டுப் பேரும் ஆளுக்கொண்ணு பேசுனாங்க. இவ ஒருத்திதேன் உள்ளதைச் சொல்லுவா."

மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சீறியது குழாய்தான் என்று அத்தைக்குத் தெரியாதா, தெரிந்தேதான் அப்படிச் சொன்னாளா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை எழுந்து உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பியோடு வந்தாள். இடது கையில் நீட்டினாள்.

"எடது கையின்னு நெனைக்காத பாப்பா. எனக்கு இப்ப இதுதேன் சோத்துக்கை."

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நின்றுகொண்டே குடித்தேன். சூடு தெரியவில்லை. குடித்து முடித்ததும் மறுபடி வாயைத் திறந்தேன்.

"இன்னொரு டேங்க் கொண்டாரவா அத்தை? காசு வேணாம்" என்றேன்.

"எதுக்குத்தா, தொட்டி நெறஞ்சிருச்சு பாரு" என்றாள்.

நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நான் போய் ஓஸை எடுத்தேன்.